நான்கு முறை திரும்பி வந்த ஆம்ப்ளிபயர்

1. வெள்ளிக்கிழமை

முதலாளி சாகுல் பாய் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். கடையில் நான் மட்டும் இருந்தேன். வேலுச்சாமி அண்ணாச்சி ஒரு போர்வை மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறி வந்தார். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எடை பதினான்கு கிலோ. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி ராஜபாளையம் வரும்வரை அதை மடியை விட்டு இறக்கியிருக்க மாட்டார்.

மூட்டையை என் பெஞ்சில் இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, இன்னும் அப்படியேதான் இருக்கு. பாட்டு பூராம் பஞ்சுல பொதிஞ்ச மாதிரி இருக்கு."

அது நான்காவது முறை. நான் ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டி.வி. படித்துவிட்டு எண்பத்து மூன்றில் அந்தக் கடையில் சேர்ந்தவன். வேலைக்கு வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. கைவேலைக்குக் கொஞ்சம் பெயரும் இருந்தது. ஒரு செட் அதே குறையோடு ஒரு முறை திரும்பி வந்தால் மெக்கானிக்குக் கோபம்தான் வரும். நான்கு முறை வந்தால், தெருவில் போகிற எல்லோருக்கும் அது தெரிந்திருக்கும் என்று தோன்ற ஆரம்பித்துவிடும்.

முதல் முறை வந்தபோது வால்யூம், பேஸ், ட்ரெபிள் கண்ட்ரோல்களைத் திறந்து சுத்தம் செய்து கொடுத்தேன். இரண்டாவது முறை, நன்றாகவே இருந்த கெப்பாசிட்டர்களைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டேன். மூன்றாவது முறை செட்டில் குறை இல்லை, ஸ்பீக்கர் பெட்டியில்தான் இருக்கும் என்று முடிவு செய்து, அவர் வீட்டுக்கே போய் இரண்டு ட்வீட்டரையும் மாற்றி வைத்தேன். ட்வீட்டர் என்பது மெல்லிய, கூர்மையான சத்தங்களைக் கொடுக்கும் சின்ன ஸ்பீக்கர். மாற்றிய அன்று, "கொஞ்சம் பரவாயில்ல" என்றார். எனக்காகச் சொன்னார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

2. அதை நான் விற்ற விதம்

இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அந்த ஆம்ப்ளிபயரை அவருக்கு விற்றவனும் நான்தான்.

எங்கள் கடையில் இரண்டு வகை விற்பனை உண்டு. ஒன்று, நான் பெஞ்சில் அசெம்பிள் செய்யும் ஸ்டீரியோ ஆம்ப்ளிபயர். ஆயிரத்து நானூறு ரூபாய். மற்றது, மெட்ராஸ் வியாபாரி ஒருவர் மூலம் எப்போதாவது வரும் ஜப்பான் செட். அண்ணாச்சி வாங்கியது பன்னிரண்டாயிரம். அப்போது என் மாதச் சம்பளம் எழுநூறு.

கடையின் உள்அறையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்போம். ஒரே கேசட், ஒரே ஸ்பீக்கர். நடுவில் ஒரு ஸ்விட்ச் பெட்டி. இந்தப் பக்கம் தட்டினால் என் செட் பாடும், அந்தப் பக்கம் தட்டினால் ஜப்பான் செட் பாடும். சேர்ந்த முதல் வாரமே முதலாளி எனக்கு ஒரு விஷயம் சொல்லிக் கொடுத்தார். ஜப்பான் செட்டின் வால்யூம் ஒரு மயிரிழை கூடவே இருக்க வேண்டும். கேட்பவருக்கு வித்தியாசம் தெரியக் கூடாது, அவ்வளவுதான். சத்தம் கொஞ்சம் கூடினால், கூடிவிட்டது என்று காது சொல்லாது. நன்றாக இருக்கிறது என்று சொல்லும். ஆம்ப்ளிபயர் விற்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. வாங்குகிறவர்களுக்குத்தான் தெரியாது.

ஜப்பான் செட்டும் ஏமாற்று இல்லை. உள்ளே திறந்தால் ட்ரான்ஸ்பார்மரே ஐந்து கிலோ இருக்கும். தவிலில் ஓங்கி ஒரு அடி விழும்போது என் செட் ஒரு கணம் திணறும், அது திணறாது. பாட்டு நிற்கும் இடத்தில் என் செட்டில் லேசான உறுமல் கேட்கும். அதில் சுத்தமான அமைதி இருக்கும். விலையில் பாதி அந்த அமைதிக்குத்தான் என்று நான் நினைப்பதுண்டு. ஆனால் அதைக் கேட்டு அறிய வாடிக்கையாளருக்குப் பொறுமை வேண்டும். மயிரிழை வால்யூமுக்கு அரை நிமிடம் போதும்.

அண்ணாச்சி ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசர். ஐம்பதை நெருங்கும் வயது. நாகஸ்வரக் கேசட்டாகச் சேர்த்து வைத்திருப்பவர். ஸ்விட்சை நான் இரண்டு முறை தட்டியதும் ஜப்பான் செட்டைக் காட்டி, "இதுதான்" என்றார். பிறகு, கூர்மையான சத்தங்களைத் தூக்கிக் காட்டும் ட்ரெபிளைக் கூட்டச் சொன்னார். கூட்டினேன். "இன்னும் கொஞ்சம்" என்றார். கடைசிவரை திருகினேன். என் காது கூசியது. அவர் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். விற்பனை முடிந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

3. பெஞ்சில் நடந்தது

அந்த வெள்ளிக்கிழமை, செட்டில் குறை ஒன்றும் இல்லை என்று அவர் கண்ணெதிரிலேயே நிரூபித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு வந்தது. எங்களிடம் ஒரு ஆடியோ ஆசிலேட்டர் இருந்தது. டயலைத் திருப்பினால் கனத்த ஊங்காரத்திலிருந்து கீச்சொலிவரை ஒரே சீரான சத்தம் கொடுக்கும் கருவி. அதை அவருடைய ஆம்ப்ளிபயரில் கொடுத்து, வெளியே வருவதை ஆசிலாஸ்கோப் திரையில் காட்டினேன். சத்தம் கூடாமல் குறையாமல் வந்தால் திரையில் அலையின் உயரம் மாறாது. "அலையையும் பாருங்க, காதாலயும் கேளுங்க" என்றேன்.

வினாடிக்கு ஐந்நூறு அதிர்வில் தொடங்கினேன். தலையாட்டினார். ஆயிரம், இரண்டாயிரம். தலையாட்டினார். மூவாயிரத்தில் கழுத்தை லேசாக முன்னால் நீட்டினார். நாலாயிரத்துக்கு வந்தேன். கடைக்கு எதிரே டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். சத்தம் அப்படி.

"ஏன் நிப்பாட்டிட்டிய?" என்றார் அண்ணாச்சி.

திரையில் அலை அசையாமல் அதே உயரத்தில் நின்றது. என் கை டயலிலேயே இருந்தது. மூன்று மாதமாக நான் அவருடைய செட்டில் தேடிய குறை செட்டில் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. வயர் லூஸ் போலிருக்கிறது என்று பொய் சொல்லி ஆசிலேட்டரை அணைத்தேன்.

இதற்குள் முதலாளி வந்துவிட்டார். அண்ணாச்சி அவரிடம், இதைவிட நல்ல சாமான் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். முதலாளி மேஜையிலிருந்து ஒரு கேட்லாக்கை எடுத்துப் பிரித்தார். ப்ரீ ஆம்ப்ளிபயர் தனி, பவர் ஆம்ப்ளிபயர் தனி என்று இரண்டு பெட்டியாக வரும் செட். முப்பத்திரண்டாயிரம். மெட்ராஸ் வியாபாரியிடம் ஒன்று இருக்கிறது, பத்து நாளில் வந்துவிடும், இந்தச் செட்டையும் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். அண்ணாச்சி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கிருஷ்ணன்கோவில் ரோட்டில் ஒரு மனை வாங்கிப் போட்டிருப்பதாகவும், அதை ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். திங்கட்கிழமை வந்து அட்வான்ஸ் தருவதாகச் சொல்லிவிட்டு, பழைய செட்டை மறுபடி போர்வையில் சுற்றிக்கொண்டு கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் நான் முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் கேட்லாக்கை மூடினார்.

"ஏலே மாரி, அவரு ஆசைப்பட்டு வாங்குதாரு. நாம என்ன டாக்டரா?"

"கேக்காது பாய். எம்புட்டு ரூவாய்க்கு வாங்கினாலும் அவருக்குக் கேக்காது."

"நீ போய்ச் சொன்னா மனுசன் மூஞ்சி எப்படி இருக்கும்னு யோசிச்சியா? ஒருத்தர்கிட்டப் போய் உமக்குக் காது போச்சுன்னு சொல்லுத வேல நமக்கு எதுக்கு?"

முதலாளி கெட்டவர் இல்லை. அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் உள்அறையில் அன்று அந்த வால்யூமைத் திருகிய கை என்னுடையது.

4. ஞாயிற்றுக்கிழமை

ஆசிலேட்டரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். பால்கோவாக் கடைகளைத் தாண்டி இரண்டு தெரு உள்ளே போனால் அவர் வீடு. முன் அறையில் நாகஸ்வரம் பாடிக்கொண்டிருந்தது. தெருமுனையிலேயே கேட்டது. அதுவும் ட்ரெபிள் மட்டும் ஊசி ஊசியாக.

அண்ணாச்சி செட்டுக்கு முன்னால் நாற்காலியில் இருந்தார். அவர் மனைவி சண்முகத்தாய் மதினி அந்த அறையில் இல்லை. கொல்லையில் கிணற்றடியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தண்ணீர் குடிக்கும் சாக்கில் போய், ஏன் இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அந்தப் பெட்டி பாடுனா எனக்குத் தலைக்குள்ள ஊசி ஏத்துன மாதிரி இருக்கும். அவியகிட்டச் சொன்னா சடவா எடுத்துக்குவாக." ஒரு கீரைத்தண்டைக் கிள்ளிப் போட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார். "ரெண்டு வருசமா நான் பேசுனா அவிய பாதிக்குப் பதில் சொல்லுறதில்ல. எம்மேல என்ன கோவம்னும் சொல்ல மாட்டேங்காக."

அதுவரை எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. அதோடு போய்விட்டது.

செட்டைச் சரி பார்க்க இரண்டு பேர் வேண்டும் என்று சொல்லி மதினியையும் முன் அறைக்குக் கூப்பிட்டேன். இரண்டு நாற்காலியைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். கேசட்டை நிறுத்தி, ஆசிலேட்டரைச் செட்டில் இணைத்து, வால்யூமைக் குறைத்து, ட்ரெபிளை நடுவில் வைத்தேன். சத்தம் கேட்கிறவரை ஒரு விரலைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும், நின்றால் இறக்கிவிட வேண்டும் என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

ஐந்நூறு. இரண்டு விரலும் உயர்ந்தன. ஆயிரம், இரண்டாயிரம். அப்படியே நின்றன. மூவாயிரத்தில் அண்ணாச்சியின் விரல் தடுமாறி இறங்கியது. எதேச்சையாகப் பக்கத்தில் பார்த்தார். மதினியின் விரல் உயர்ந்தே இருந்தது. நாலாயிரம். மதினியின் விரல் இறங்கவில்லை. ஆறாயிரம். இறங்கவில்லை.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னும் ஓடுதா?"

"ஓடுது. காதைக் குடையுது" என்றார் மதினி. சொன்ன பிறகுதான் மதினிக்கும் புரிந்தது. விரலை இறக்கிக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

நான் ஆசிலேட்டரை அணைத்தேன். அண்ணாச்சி எழுந்து போய் ஆம்ப்ளிபயரின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்ப பெட்டி நல்லாத்தான் இருக்கு" என்றார்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தார். ஏழு வருடம் ரிங் பிரேம் ஓட்டினாராம். நூல் முறுக்கேறும் அந்த மெஷின்கள் ஒரு ஹாலுக்குள் நாற்பது, ஐம்பது ஓடும். அதன் பிறகு பதினெட்டு வருடம் அதே ஹாலில் சூப்பர்வைசர். அங்கே யாரும் காதால் கேட்டுப் பேசிக்கொள்வதில்லை. கையும் உதட்டசைவும்தான் பாஷை. ஆனால் மெஷினை மட்டும் அவர் காதால்தான் பார்த்தார். ஹாலின் ஒரு கோடியில் நின்றே, எந்த பிரேமில் எண்ணெய் வற்றிய பேரிங் இருக்கிறது என்று சொல்லிவிடுவாராம். சூப்பர்வைசர் வேலை கிடைத்ததே அதனால்தான்.

"போன மாசம் ஒரு பேரிங் தேஞ்சு கத்திருக்கு. நான் அதுக்குப் பக்கத்துலதான் நின்னிருக்கேன். மெஷின் பாக்குற பொம்பளப் பிள்ள வந்து கையக் காட்டிச் சொல்லுது. யார்ட்டயும் சொல்லல. வீட்டுல பாட்டு கேட்டாலும் அப்படி இருக்கவும், பெட்டிலதான் கோளாறுன்னு நெனச்சுக்கிட்டேன்."

நினைத்துக்கொண்டார் என்பதைவிட, அப்படி இருக்க வேண்டும் என்று விரும்பினார் என்பதுதான் சரி. பெட்டி என்றால் மாற்றிவிடலாம்.

என் பங்குக்கு நானும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கடையில் செட்டைக் காட்டிய அன்று வால்யூமைக் கூட்டி வைத்திருந்தேன் என்றேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மில்லுக்குப் பஞ்சு விற்க வருகிறவனும் நல்ல பஞ்சை மேலே வைத்துத்தான் காட்டுவான் என்றார். மதினி காபி கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் முகம் தன் பக்கம் திரும்பும்வரை நின்று, பிறகு பேசினார். "சீனி போதுமா?" என்றுதான் கேட்டார். அண்ணாச்சி, "போதும்" என்றார். நான் விடைபெற்றுக்கொண்டேன்.

5. டாக்டர் கொடுத்த படம்

திங்கட்கிழமை அண்ணாச்சி வரவில்லை. முதலாளியிடம் நானே விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் சொல்வதற்கு முன்பே மெட்ராஸுக்குப் போன் போட்டு அந்தச் செட்டை அனுப்பச் சொல்லிவிட்டிருந்தார். முப்பத்திரண்டாயிரம் செட் வந்து சேர்ந்து, ஒரு வருடத்துக்கும் மேல் பிளாஸ்டிக் உறையோடு உள்அறையில் உட்கார்ந்திருந்தது. அதைத் தினமும் தூசி தட்டும் வேலையை எனக்கே கொடுத்தார். வேறு தண்டனை ஒன்றும் தரவில்லை. ஆனால் ஸ்விட்ச் பெட்டியில் வால்யூமை நான் சமமாக வைக்கத் தொடங்கியதைப் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. ஜப்பான் செட் விற்பனை குறைந்தது. என் ஆயிரத்து நானூறு ரூபாய் செட் கூடுதலாகப் போனது.

ஆறு வாரம் கழித்து அண்ணாச்சி கடைக்கு வந்தார். இந்த முறை மூட்டை இல்லை. மதுரையில் காது டாக்டரிடம் காட்டியிருக்கிறார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். கட்டம் போட்ட தாளில் ஒரு கோடு. ஆயிரம்வரை நேராக வந்து, பிறகு சரிந்து, நாலாயிரத்தில் பள்ளத்தில் விழுந்து, அதற்கு மேல் கொஞ்சம் எழும்பியிருந்தது. நான் தினமும் பார்க்கிற படம்தான் அது. ஆம்ப்ளிபயருக்குப் போடுவதைக் காதுக்குப் போட்டிருந்தார்கள்.

மில் சத்தத்தால் வந்தது, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னாராம். காதுக் கருவி ஒன்றை மாட்டிக் காட்டியிருக்கிறார்கள். எல்லாச் சத்தத்தையும் சேர்த்துத் தூக்கியதால் மண்டை இடித்ததே தவிர, வேண்டியது கேட்கவில்லையாம்.

"இந்தக் கோட்டுக்கு எதிர்க் கோடு ஒன்னு போட முடியுமா தம்பி?" என்று கேட்டார்.

என் பணிக்காலத்தில் எந்த இன்ஜினியரும் என்னிடம் அவ்வளவு தெளிவாக வேலை சொன்னதில்லை.

பத்து நாள் எடுத்தது. இரண்டு ஐ.சி., கொஞ்சம் கெப்பாசிட்டர், நான்கு கண்ட்ரோல். அவருடைய கோடு எங்கே பள்ளத்தில் விழுகிறதோ அங்கே மேடாகத் தூக்கும் ஒரு சர்க்யூட். ஹெட்போனில் கேட்கிற மாதிரி. எவ்வளவு திருகினாலும் ஒரு அளவுக்கு மேல் சத்தம் போகாதபடி டையோடு போட்டுக் கட்டினேன். இருக்கிற காதையும் நான் கெடுத்துவிடக் கூடாது அல்லவா. பாகங்களின் விலை நூற்று எண்பது ரூபாய்.

கடையில் பெஞ்சில் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டினேன். நாகஸ்வரக் கேசட்தான். கொஞ்ச நேரம் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் கண்ட்ரோல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டு வந்தேன். ஒரு இடத்தில் அவர் ஆள்காட்டி விரல் பெஞ்சைத் தட்ட ஆரம்பித்தது. தாளக்காரர் ஜால்ராவைத் தட்டும் அதே இடத்தில்.

"தாளம் கேக்கு" என்றார். ஹெட்போன் மாட்டியிருந்ததால் சத்தமாகச் சொல்லிவிட்டார். சாகுல் பாய் எழுந்து வந்து பார்த்தார்.

பாட்டு முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றினார். நேர்மையான மனிதர். பழைய சத்தம் இது இல்லை, தகரத்தில் தட்டுகிற மாதிரி இருக்கிறது, ஆனாலும் இருக்கிறது என்றார். அதற்கு மேல் என்னால் செய்ய முடியாது என்றேன். தெரியும் என்று தலையாட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் மில் ஆட்களை இரண்டு மூன்று பேராகக் கடைக்குக் கூட்டி வந்தார். எங்கள் ஆசிலேட்டருக்கு முன்னால் உட்கார வைத்து விரல் தூக்கச் சொன்னோம். பதினைந்து வருடத்துக்கு மேல் ரிங் பிரேமில் நின்றவர்கள் பெரும்பாலும் அதே இடத்தில் விரலை இறக்கினார்கள். அண்ணாச்சி தன் கைக்காசில் காதடைப்பான் வாங்கிக் கொடுத்தார். சிலர் மாட்டினார்கள். சிலர் வெட்கப்பட்டுக்கொண்டு மாட்டவில்லை. மில்லில் அதை யாரும் கட்டாயமாக்கவில்லை.

6. மதினி கேட்டது

ஹெட்போன் பெட்டியை வீட்டில் மாட்டிக்கொடுக்க நான் போயிருந்தேன். ஆம்ப்ளிபயரின் பின்பக்கம் டேப் ரெக்கார்டருக்கென்று ஒரு சாக்கெட் உண்டு. அதிலிருந்து எடுத்தால், முன்னால் வால்யூமையும் ட்ரெபிளையும் எப்படி வைத்தாலும் ஹெட்போனைப் பாதிக்காது. எனவே ஸ்பீக்கரில் வால்யூமை மிதமாக வைத்து, ட்ரெபிளை நடுவில் வைத்தேன். அண்ணாச்சி ஹெட்போனில் கேட்டார். மதினி முதல் முறையாகக் கொல்லைக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்டார்.

பாட்டு முடிந்ததும் எப்படி இருக்கிறது என்று மதினியிடம் கேட்டேன். ஆம்ப்ளிபயரைப் பற்றி அவரிடம் அதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை.

"ஊதுதவரு மூச்சு வாங்குறது கேக்கு. பக்கத்துல உக்காந்திருக்க மாதிரி இருக்கு" என்றார் மதினி. "இம்புட்டு நாளும் இது இப்படிப் பாடும்னு எனக்குத் தெரியாது."

அந்தப் பன்னிரண்டாயிரத்துக்கு என்ன குணம் என்று அந்த வீட்டில் சரியாகச் சொன்னவர் அவர்தான். மூச்சு கேட்பதற்கு மூச்சைச் சுற்றி அமைதி வேண்டும். ஜப்பான்காரர்கள் ஐந்து கிலோ ட்ரான்ஸ்பார்மர் வைத்தது அதற்குத்தான். கடையில் ஸ்விட்சைத் தட்டித் தட்டி விற்ற நான் அதை ஒருவருக்கும் கேட்க வைத்ததில்லை.

இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிறவர்கள் என்னிடம் விலை உயர்ந்த ஆம்ப்ளிபயர் வாங்கலாமா, அந்த வித்தியாசம் உண்மைதானா என்று கேட்கிறார்கள். உண்மைதான். ஆனால் மீட்டர், ஸ்கோப் எல்லாவற்றையும் செட்டின் அவுட்புட்டில் வைத்துப் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். அவுட்புட் அங்கே முடிவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம்தான் முடிகிறது. "சத்தம் சரியில்லை" என்று யாராவது வந்தால் நான் இன்றுவரை உடனே மூடியைத் திறப்பதில்லை. முதலில் அவருக்கு ஒரு நாற்காலி போடுவேன். என்ன வேலை பார்க்கிறீர்கள், எத்தனை வருடமாக என்று கேட்பேன். பிறகு, வீட்டில் வேறு யாருக்காவது அந்தச் சத்தம் சரியாக இருக்கிறதா என்று கேட்பேன். ஸ்குரூ ட்ரைவரை அதற்கப்புறம்தான் கையில் எடுப்பேன்.